வெறுங்கண் பருவம்

காலையில் மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவது பிரிட்டோவின் வேலை. வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டால் பேருந்து நிற்கும் முனை வரை நடப்பது சுகமாகவே இருக்கும். நடைபாதை ஓரமெல்லாம் பெரிய பெரிய தொட்டிகளில் காகிதப்பூ. வீட்டுச் சுவர்களில் வெளிர்நீலப் பூச்சு, ஒரு கீறல் இருக்காது. கடல் ஊருக்குள் வராமல் தடுக்கக் கட்டிய பெருஞ்சுவரைக்கூட, தூத்துக்குடிக்குப் புதிதாக வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

மெரின் மட்டும் நேராக நடக்க மாட்டாள். அப்பாவின் விரலைப் பிடித்தபடி எதையோ சுற்றிப் போவாள், எதையோ தாண்டிக் குதிப்பாள். சில இடங்களில் மூச்சை அடக்கிக்கொண்டு அவனையும் இழுத்துக்கொண்டு ஓடுவாள். அன்று ஒரு பூந்தொட்டியைப் பார்த்துக் கையசைத்தாள்.

"யாருக்கு டாட்டா காட்டுத?"

"அந்த அக்காவுக்கு. நேத்து காய்ச்சல்ல சுருண்டு படுத்திருந்தாங்க. இன்னைக்கு எழும்பி உக்காந்திருக்காங்க."

பிரிட்டோ திரும்பிப் பார்த்தான். ஆள் உயரத் தொட்டி, அது நிறைய இளஞ்சிவப்புப் பூ. "சரி வா, பஸ் வந்துரும்" என்றான்.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வயதுப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் இப்படிப் பேச்சு உண்டு. அந்த வயதுக்கு வெறுங்கண் பருவம் என்று பெயரே வைத்திருந்தார்கள். பால்பல் விழுவதுபோல அதுவும் ஒருநாள் தானாகக் கழியும்.

பதினோரு வயது ஆனதும் எல்லோர் கண்ணிலும் நயவில்லை பொருத்துவார்கள். வளரும் கண்ணுக்கு ஆகாது என்பதால் அதற்கு முன்பு கிடையாது. ஆரம்பத்தில் வழி காட்டவும் எழுத்தைப் பெரிதாக்கவும்தான் வில்லை வந்தது. பிறகு கடல் ஏறிய வருடங்கள், வெக்கை தாங்காமல் ஊர் ஊராக ஜனங்கள் இடம்பெயர்ந்த வருடங்கள். தெருவைப் பார்க்கவே மனம் சோர்ந்துபோயிருந்த அந்தக் காலத்தில் மாநகராட்சி ஊர்நயம் என்ற ஒன்றைச் சேர்த்தது. இடிந்த சுவர் புதுச்சுவராகத் தெரிந்தது. குப்பைமேடு புல்மேடானது. நடைபாதையில் படுத்திருப்பவர்கள் இருக்கும் இடத்தில் பூந்தொட்டி தெரிந்தது. அதில் இடித்துக்கொள்ளாமல் கால் தானாக விலகிப் போகும். அடுத்து வந்தது முகநயம். சோர்ந்த முகத்தைப் பார்க்கிறவனும் சோர்ந்துபோகிறான் என்று யாரோ ஆராய்ந்து சொன்னார்களாம். எல்லோர் முகமும் தெளிந்தது, கன்னம் நிறைந்தது. யாரும் அழுதாற்போலத் தெரிவதில்லை. கண்ணாடி முன் நின்றால் தன் முகமும் அப்படித்தான்.

பிரிட்டோவுக்குக் கல்லூரியில் படிக்கும்போது பொருத்தினார்கள். செலினாவைப் பெண் பார்க்கப் போனபோது இருவர் கண்ணிலும் வில்லை இருந்தது. பழைய வில்லையை எடுத்துப் புதியதை வைக்கும்போது, கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று வில்லை மையத்தில் சொல்வார்கள். அவர்களும் மூடிக்கொள்வார்கள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் கட்டுப்பாட்டு அறையில் அவனுக்கு வேலை. செலினா வீட்டிலேயே மெஷின் போட்டுக் குளிராடை தைத்துக் கொடுத்தாள். உப்பளத்தில் வேலை செய்பவர்கள் உள்ளுக்குள் நீரோடும் அந்தச் சட்டை இல்லாமல் வெயிலில் நிற்க முடியாது. வேலை குவிந்து கிடந்தது. சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்காரும் நேரம்தான் குடும்பத்துக்கு.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் மெரின் முதன்முதலில் அதைச் சொன்னாள்.

"அம்மா, உன் கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?"

செலினா சிரித்தாள். "இருக்கிற வேலையில எனக்குக் கண்ணே இருட்டிக்கிட்டு வருது. இவ மஞ்சள்ங்கா."

பிரிட்டோ மனைவியைப் பார்த்தான். வெள்ளை வெளேரென்ற கண்கள், மாறாத அதே முகம். "லைட்டு வெளிச்சத்துல அப்படித் தெரியும்மா. மீனைத் தின்னு" என்றான்.

மெரின் விளக்கை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மீனை எடுத்துச் சாப்பிட்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் பிரிட்டோ குளித்துவிட்டு வந்தபோது வீடு அனலாகக் கொதித்தது. எல்லா விளக்கும் அணைந்திருந்தது. மெரின் நாற்காலியில் ஏறி, பகலில் யாரும் தொடாத வெயில்திரையை மேலே சுருட்டி விட்டிருந்தாள். உச்சி வெயில் கூடம் முழுக்க அடித்தது. செலினாவின் கையைப் பிடித்து அந்த வெளிச்சத்துக்கு நேரே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி பண்ணுத! வீடு ஆற ராத்திரி ஆகும், தெரியும்லா?" பிரிட்டோ ஓடிப்போய்த் திரையை இறக்கினான்.

"லைட்டு இல்லாமப் பாத்தேம்ப்பா. லைட்டு இல்லாமலும் மஞ்சளாத்தான் இருக்கு. கையும்."

"விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையா உனக்கு?"

அவன் கத்தியதில் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செலினா முழங்கையைச் சொறிந்தபடி, "விடுங்க, பிள்ளைதான" என்றாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. துணித்தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தாள். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. வளையல்கள் மணிக்கட்டில் நிற்காமல் நழுவின. அதைக் கவனித்த பிரிட்டோ, "இளைச்சுட்டியோ?" என்று கேட்டான். "இளைச்சா நல்லதுதான" என்றாள் அவள். கையில் கட்டியிருந்த நலக்காப்பு நாடியையும் சர்க்கரையையும் பார்த்துப் பச்சை விளக்கே காட்டிக்கொண்டிருந்தது.

பள்ளியிலும் மெரின் சொல்லியிருக்கிறாள். ஷீபா டீச்சர் இருவரையும் அழைத்துப் பேசினார். பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிப்பவர் அவர். மென்மையான குரல்.

"பயப்படாதீங்க. வில்லை போடுற வயசு நெருங்கும்போது நிறையப் பிள்ளைங்களுக்கு வர்றதுதான். வெறுங்கண் பதற்றம்னு சொல்லுவோம். அவங்க பாக்கிறதும் நீங்க பாக்கிறதும் வேறயா இருக்கும்போது, அம்மா அப்பா தன்னை விட்டுத் தள்ளிப் போற மாதிரி அவங்களுக்கு இருக்கும். மெரினுக்கு அந்தப் பயம் அம்மா மேல வந்து நிக்குது."

"நாங்க என்ன செய்யணும் டீச்சர்?" என்று செலினா கேட்டாள்.

"இல்லைன்னு சொல்லாதீங்க, ஆமாம்னும் சொல்லாதீங்க. பேச்சை மாத்திருங்க. பதில் கிடைக்கலைன்னா தானா விட்டுருவாங்க."

அப்படியே செய்தார்கள். மெரின் அம்மாவின் கண்ணைப் பற்றி எடுத்தால் பிரிட்டோ கடலில் வந்த கப்பலைப் பற்றிப் பேசினான். அம்மாவின் நகத்தைப் பற்றிச் சொன்னால் செலினா பாட்டுப் போட்டாள். மெரின் இன்னும் சில தடவை முயன்று பார்த்தாள். அப்புறம் நிறுத்திக்கொண்டாள். ஆனால் அம்மாவை விட்டு நகர மறுத்தாள். பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதாள். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். செலினா குடிக்கும்வரை அங்கேயே நின்றாள். அதைப் பிடிவாதம் என்றார்கள். இருந்தாலும் மஞ்சள் என்ற பேச்சு நின்றதே, அதில் இருவருக்கும் நிம்மதி.

பிரிட்டோ வீட்டில் இருந்த ஒரு மத்தியானம் செலினா அடுப்படியில் விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடிப்போய் அவளை அள்ளித் தூக்கினான். கையில் கனமே இல்லை. விலா எலும்பும் தோள் எலும்பும் அவன் கையில் குத்தின. குனிந்து முகத்தைப் பார்த்தால், கன்னம் நிறைந்த, தூங்குவதுபோல் அமைதியான முகம். கையில் இருப்பது ஒருத்தி, கண்ணில் தெரிவது வேறொருத்தி என்பதுபோல இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அவளைச் சுமந்தபடி வாசலுக்கு ஓடினான்.

மருத்துவர்கள் வேலை நேரத்தில் வில்லை போடக் கூடாது என்பது சட்டம். டாக்டர் உலகநாயகி செலினாவைப் பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார்.

"எத்தனை நாளா இந்த மஞ்சள் இருக்கு?"

"மஞ்சளா?"

"கண்ணு, தோலு, நகம், எல்லாம். மாசக்கணக்கா இருந்திருக்கணுமே." டாக்டர் அவன் கண்களை உற்றுப் பார்த்தார். அவர் குரல் தணிந்தது. "வீட்டுல வில்லை போடாதவங்க யாரும் இல்லையா?"

"மக இருக்கா. பத்து வயசு."

"அவ ஒண்ணும் சொல்லலையா?"

பிரிட்டோ வாயைத் திறந்தான். வெயில் அடிக்கும் கூடத்தில், நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மகள் அவனுக்கு ஞாபகம் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கணையத்தில் கட்டி என்றார்கள். அது பித்தக்குழாயை அடைத்திருந்தது. கண் மஞ்சளான புதிதில் வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம். இப்போது ஈரலுக்குப் பரவிவிட்டது. அடைப்பை மட்டும் நீக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புவோம், கொஞ்ச காலம் வலியில்லாமல் இருப்பார் என்றார் டாக்டர்.

"என் வில்லையை எடுத்துருங்க" என்றான் பிரிட்டோ.

எடுத்துவிட்ட நர்ஸ் எச்சரித்தார். "எரியும், தலை சுத்தும். முடியலைன்னா நாளைக்கு வந்து மாட்டிக்கோங்க." சுவர்கள் அழுக்காக இருந்தன. நர்ஸ் புன்னகை இல்லாமல், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு நின்றிருந்தார். வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. வார்டுக்குள் போனான். ஜன்னல் ஓரக் கட்டிலில் யாரோ ஒரு பெண் படுத்திருந்தாள். மஞ்சளில் முக்கியெடுத்தது போன்ற தோல். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, நெற்றியோரம் நரைத்து. அவன் அவளைக் கடந்து அடுத்த கட்டிலைத் தேடினான்.

"ஏங்க, இங்க" என்றது செலினாவின் குரல்.

அவன் திரும்பினான். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவளை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தான். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தன்னைத் தாண்டிப் போனதிலேயே அவன் கண்ணில் வில்லை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் பக்கத்து வீட்டார் மெரினை அழைத்துவந்தார்கள். அவள் வராந்தா முனையில் வரும்போதே பிரிட்டோ எழுந்து நின்றான். ஒல்லியான பிள்ளை. நடந்துவரும் நடையில்தான் அடையாளம் தெரிந்தது. இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு இருந்தது. நடை பழகும்போது விழுந்து தையல் போட்டது. தழும்பில்லாமல் ஆறிப் போச்சு என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். கண்ணுக்குக் கீழே, அந்த வயதுப் பிள்ளைக்கு இருக்கக் கூடாத கருமை. நகங்களைச் சதை தெரியக் கடித்து வைத்திருந்தாள். அவள் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பார்த்ததும் கண்டுகொண்டாள்.

"கழட்டிட்டீங்களா?"

"ஆமாம்மா."

"அம்மாவைப் பாத்தீங்களா?"

தலையசைத்தான். அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெரிய குரலெடுத்து, வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அவள் அழுவதை அவன் முன்பும் கேட்டிருக்கிறான். அழும்போது அவள் முகம் என்ன ஆகும் என்பது அன்றுதான் தெரிந்தது.

அழுகை அடங்கியதும் அவளை மடியில் இருத்திக் கேட்டான். "ஏம்மா சொல்றத நிப்பாட்டுன? இன்னும் ரெண்டு தடவை சத்தம்போட்டுச் சொல்லியிருக்கலாம்லா?" கேட்ட உடனேயே, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

மெரின் யோசித்தாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் பேச்சை மாத்துதீங்கன்னு. பெரியவங்க பேசாத விஷயம்போலன்னு விட்டுட்டேன்."

"வில்லை மறைக்கும்னு உனக்குத் தெரியும்லாம்மா?"

"குப்பையைத்தான் மறைக்கும்னு நெனச்சேன். அம்மாவையுமாப்பா மறைக்கும்?"

பிரிட்டோ அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

அதன்பிறகு அவன் வில்லையை மாட்டவே இல்லை. ஆலையின் அளவுத்திரைகள் வில்லை வழியாகத்தான் தெரியும் என்பதால் கட்டுப்பாட்டு அறையில் இருக்க முடியவில்லை. வெளியே குழாய்ப் பராமரிப்புக்கு மாற்றினார்கள். தெருப்பெயரும் பேருந்து எண்ணும் அவனுக்குத் தெரியவில்லை. எங்கும் வெற்றுப் பலகைகள் தொங்கின. பொங்கிக் கிடக்கும் சாக்கடையும், கரிந்த சுவரும், கண்ணில் நீர் வரவைக்கும் தூசியுமாக ஊர் அவனைத் தலைசுற்ற வைத்தது. முதல் சில நாள் மெரின்தான் அவனைக் கைபிடித்துக் கூட்டிப்போனாள்.

"இங்க பள்ளம் இருக்கு, இப்படி வாங்க. இந்த இடத்துல மூச்சை அடக்கிக்கணும், நாய் செத்துக் கிடக்கு. இப்ப விடலாம்."

பூந்தொட்டி இருந்த இடத்தில் சாக்கு விரித்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் பழைய துணி சுற்றியிருந்தாள். மெரின் தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிக் குடித்துவிட்டு, பிரிட்டோ தன்னையே பார்ப்பதைக் கண்டு பதறிச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பெரியவர்கள் யாரும் தன்னைப் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை.

பேருந்து முனையில் கூட்டமாக நின்றவர்களை அவன் பார்த்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் கலங்கிய கண்ணோடு நின்றார். பக்கத்தில் இருந்தவர் அவரிடம் உற்சாகமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பேருந்து வந்ததும் மெரின் ஓட்டுநரை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவின் காதில் சொன்னாள். "டிரைவர் மாமா இன்னைக்கு அழுதிருக்காரு. நான் பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிடுதேன்."

"பக்கத்துல உக்காந்து என்ன செய்வ?"

"ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்திருப்பேன்."

அவள் ஏறிப் போனபின் அவன் அங்கேயே நின்றான். கடைத்தெருவிலும் கோயிலிலும் பேருந்திலும் இந்தப் பிள்ளை இத்தனை வருடமாக எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறாள். சொன்னால் கேட்க ஆள் இல்லை. அவன் பிடிவாதம் என்று நினைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். தண்ணீர் கொண்டுவந்து வைத்தது, பள்ளிக்குப் போகாமல் அழுதது. அம்மாவின் உதடு வெடித்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். தான் இல்லாத நேரத்தில் அம்மாவைப் பார்ப்பதற்கு வீட்டில் யாருமில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

செலினா வீட்டுக்கு வந்த வாரத்தில் தன் வில்லையையும் எடுக்கச் சொன்னாள். பிரிட்டோ தயங்கினான். கண்ணாடியில் அவள் தன்னைப் பார்த்துவிடுவாளே என்ற பயம்.

"நீங்களும் அவளும் பாத்துட்டீங்க. நான் மட்டும் பாக்காம என்ன?" என்றாள். "என்னைப் பாக்கிறதுக்கு இல்லைங்க. மெரினைப் பாக்கணும். பெத்த பிள்ளை முகத்தைப் பாக்காமலே போகச் சொல்லுதீங்களா?"

வில்லை போன அன்று அவள் வெகுநேரம் மெரினின் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புருவத் தழும்பைத் தடவினாள். "ஏட்டி, உனக்கு உங்கப்பா மூக்கு. எனக்கு யாருமே சொல்லலையே" என்றாள். மெரின் சிரித்தாள். பிரிட்டோ அப்பால் திரும்பிக்கொண்டான். பிறகு செலினா அவனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தாள்.

"என்ன, பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே இந்த முகத்தைப் பாத்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பியோ?" என்று பிரிட்டோ கேட்டான்.

"யோசிச்சிருப்பேன்" என்றாள் அவள். "யோசிச்சிட்டு, சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

மழைக்காலம் முடியும்வரை அவள் இருந்தாள். கடைசி நாட்களில் பேச முடியவில்லை. மெரின் அருகில் படுத்துக்கொண்டு, அம்மாவின் புருவம் சுருங்கினால் வலி என்றும், உதடு அசைந்தால் தண்ணீர் என்றும் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்வது ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஒரு விடியற்காலை செலினா போனாள். துக்கத்துக்கு வந்தவர்கள், "தூங்குற மாதிரியே இருக்கா, முகத்துல ஒரு வாட்டம் இல்ல பாரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிரிட்டோவும் மெரினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இறந்தவளின் முகம் உண்மையில் எப்படி இருந்தது என்று அந்த வீட்டில் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே.

வருடம் திரும்புவதற்குள் மெரினுக்கு வில்லை வயது வந்தது. பிரிட்டோ பள்ளிக்குப் போய் அவகாசம் கேட்டான். கொஞ்ச காலம் கொடுத்தார்கள். ஆனால் ஆறாம் வகுப்பில் பாடம் எல்லாமே வில்லை வழியாகத்தான். மற்ற பிள்ளைகள் வெற்றுச் சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்க, இவள் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். பிறகு அதையும் விட்டாள். முகநயம் இல்லாத வில்லை கேட்டுப் பார்த்தான். பதினெட்டு வயது வரை பிள்ளைகளுக்கு அதை நீக்கும் வழக்கம் இல்லை, அவர்களின் மனப் பாதுகாப்புக்காக என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள்.

இன்னும் எங்கெங்கோ முறையிடலாம் என்று அவன் நினைத்திருந்தான். ஒரு சாயங்காலம் மெரினே பேச்சை எடுத்தாள்.

"அப்பா, நான் வில்லை போட்டுக்கிடுதேன்."

"படிப்புக்காகவா? அதுக்கு நான் வேற வழி பாக்குதேம்மா."

"அதுக்கில்ல." அவள் தட்டில் இருந்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா போனதிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் அவள் செய்யும் முதல் காரியம், அப்பாவை ஜன்னலுக்கு அழைத்துப்போய் அவன் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்ப்பது. நகங்களைப் பார்ப்பாள். பிறகுதான் பல் துலக்கப் போவாள். அவன் குனிந்து காட்டிக்கொண்டு நிற்பான். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கிறது என்று நினைத்திருந்தான்.

"தினமும் காலையில பயமா இருக்குப்பா. இன்னைக்கு மஞ்சளா இருக்குமோன்னு. கண்ணைத் திறக்கவே பிடிக்கல. ரோட்டுல போனா எல்லார் மூஞ்சியையும் பாக்க வேண்டியிருக்கு. யாருக்கு என்னன்னு தெரியுது, என்னால ஒண்ணும் செய்ய முடியல. அம்மாவுக்கும் நான்தான் முதல்ல பாத்தேன். இனிமே எதையும் நான் முதல்ல பாக்க வேண்டாம்ப்பா."

"அப்பா இருக்கேம்மா இப்ப. நானும் பாக்குதேன்லா."

"அப்ப நீங்க பாத்துக்கோங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எனக்குக் களைப்பா இருக்கு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கருவளையம் இன்னும் அப்படியே இருந்தது. அவளோடு சேர்ந்து பார்ப்பதுதான் அவளுக்குச் செய்யும் நல்லது என்று இந்த ஒரு வருடமாக நம்பியிருந்தான். அவள் எந்த ஓய்வைக் கேட்கிறாள் என்று இப்போதுதான் விளங்கியது. வேண்டாம் என்று சொல்ல அவனிடம் ஒரு காரணம் இருந்தது: அவளும் வில்லை போட்டுவிட்டால் அவன் முகத்தைப் பார்க்க வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். பதினோரு வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய காரணம் அல்ல அது.

"சரிம்மா" என்றான்.

மையத்துக்கு அவனே அழைத்துப்போனான். உள்ளே அனுப்புவதற்கு முன் அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை, அவசரமில்லாமல், மனப்பாடம் செய்வதுபோலப் பார்த்தாள். "குனிங்க" என்று கூப்பிட்டு, சவரம் செய்யாத கன்னத்தைத் தொட்டாள். பிறகு உள்ளே போனாள்.

கதவு மூடியதும் அவனுக்குக் கண்ணீர் வழியத் தொடங்கியது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. காத்திருந்த மற்ற பெற்றோர்கள் அவனைப் பார்த்து மலர்ச்சியாகத் தலையசைத்தார்கள். ஒருவர், "முதல் பிள்ளையா? எங்களுக்கு இது ரெண்டாவது" என்றார். பிரிட்டோ தலையாட்டினான்.

கதவு திறந்து மெரின் வந்தாள். கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். கூடத்தையும் சுவர்களையும் சுற்றிலும் பார்த்தபின் அவள் பார்வை அவன் முகத்தில் வந்து நின்றது. ஒரு வருடமாகச் சுருங்கியிருந்த அவள் நெற்றி விரிந்தது.

"அப்பா! எவ்வளவு நல்லா இருக்கீங்க!"

அவன் அசையாமல் நின்றான்.

"உள்ள படுத்திருக்கும்போதெல்லாம் நீங்க வெளிய அழுதுட்டிருப்பீங்கன்னு பயந்துட்டே இருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தாள். "நல்லவேளை, அழலை."

"இல்லம்மா" என்றான் பிரிட்டோ. "அழலை."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் கிளம்பினாள். துடைக்கக் கையை உயர்த்தினால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்பதால், அவன் கன்னத்தைத் துடைக்காமலே அவளோடு நடந்தான்.